கட்டியைச் சூழ்ந்த நார் எங்கிருந்து வந்தது?

செவ்வாறு பாயும் வின்னிபெக் நகரில், மருத்துவமனையின் நிலவறையில், சன்னலே இல்லாத ஆய்வகத்தில், சளைக்காத விழிகளோடு மார்பகக் கட்டிகளை ஆராய்ந்து, ஆகஸ்டு மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையாகிய இன்று பணிநிறைவு பெறும் எங்கள் தலைவர், மருத்துவர் தோரா பியார்னசன் அம்மையார் அவர்களுக்கு, அவருடைய மேசைக்கு அக்கம்பக்கத்தில் அமர்ந்தே நரைத்துப்போன தோழர்கள் கனத்த நெஞ்சோடு வாசித்தளிக்கும் மடல்.

நுண்ணோக்கி வழியே நோயை நோக்கிய நுண்ணறிவே! கண்ணாடிச் சில்லில் கிடந்த கடுகளவு சதையிலும் ஒரு பெண்ணின் கவலையைக் கண்ட கருணையே! பனி கொட்டினும் பணிக்குப் பிந்தாத பண்பே! கடிந்து பேசினும் கைவிடாத கனிவே! இன்னும் பன்னிரண்டு விளிகள் எழுதி வைத்திருந்தோம். பெரிய சொற்களைக் கேட்டால் தங்களுக்குக் காது கூசும் என்று சொல்லி, திசுக்களுக்குச் சாயமேற்றும் லிகாயா அவற்றை அடித்துவிட்டார். இந்த மடலை வாசிப்பவரும் அவரே. வாசிக்க வேண்டிய முறை உண்மையில் மருத்துவர் ரெனோவுடையது. அவர் மறுத்துவிட்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அம்மையீர்! நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக்கூடாது என்பார்கள். தாங்கள் ஆயுள் முழுதும் பார்த்தது நாரின் மூலத்தை. குளிக்கும்போது ஒரு பெண்ணின் விரலுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்படுகிறதே, அந்தக் கெட்டித்தனம் பெரும்பாலும் புற்றுச்செல்லினுடையது அல்ல. அதைச் சுற்றிப் பின்னி இறுகிய இணைப்புத்திசுவினுடையது. புற்று குடியிருப்பவன் என்றால் நார்தான் வீடு. அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தது யார்? புற்றே வேடம் மாற்றிக்கொண்டு கொத்தனாராகவும் நின்றதா? பக்கத்துத் திசு பயந்துபோய்ச் செங்கல் சுமந்ததா? அல்லது தொலைவிலிருந்து, ரத்தத்தில் மிதந்து, யாரோ வந்து கட்டினார்களா? இந்த ஒரு கேள்வியோடு இங்கே வந்தீர்கள். இதே கேள்வியோடு இத்தனை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தீர்கள்.

அதற்காகத் தங்கள் சொந்தக் கடமையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கள் குறைத்ததில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண்ணின் சதைத்துணுக்கு வந்து சேர்ந்தாலும், முடிவு எழுதாமல் தாங்கள் வீட்டுக்குக் கிளம்பக் குளிர்கோட்டை மாட்டியதில்லை. “சனி ஞாயிறு முழுக்க அவ சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கணுமா? கொண்டா இப்படி,” என்பீர்கள். எங்கள் வெள்ளி மாலைகளைப் பறித்துக்கொண்ட தங்களை நாங்கள் மனத்துக்குள் திட்டியதுண்டு. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்க மாட்டோம். கேட்டால் தங்களுக்குச் சிரிப்பு வரும்.

எங்கள் ஆய்வகத்தின் எலி அறையை ஆண்டவர் ஸ்டெஃபா ஹ்னாட்யூக். ஆண்டவர் என்றே சொல்ல வேண்டும். அவர் அனுமதியில்லாமல் மருத்துவமனை இயக்குநரே அந்தக் கதவைத் திறந்ததில்லை. பெண் எலியின் மார்புக் கட்டியை ஆண் எலிக்குள் பதியம் போட்டு, வளர்ந்தபின் வெட்டிப் பார்ப்பது தங்கள் முறை. ஆண் செல்லின் நடுவில் மட்டும் ஒரு பழுப்புப் புள்ளி விழும்படி சாயமேற்றுவீர்கள். புற்றில் புள்ளி இராது; அது பெண்ணினுடையது. சுற்றியிருந்த நாரில் புள்ளி இருந்தது. ஆக, வீட்டைக் கட்டியது புற்று அல்ல, இடம் கொடுத்த உடம்புதான் என்று எலியைக் கொண்டு நிறுவினீர்கள். உடம்பின் எந்த மூலையிலிருந்து வந்தது என்பதுதான் மிச்சம்.

ஸ்டெஃபாவுக்கு இளவயதில் ரத்தப் புற்று வந்தது. அண்ணன் ஒரெஸ்ட் தன் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். ஒரெஸ்ட் நகரப் பேருந்து ஓட்டுநர். மெயின் தெருவில் அவர் வண்டி வந்தால் ஸ்டெஃபா கையாட்டாமல் விட்டதில்லை. “என் உடம்புல ஓடறது ஆம்பள ரத்தம். சோதிச்சா ஒரெஸ்ட்னு காட்டும். அதான் எனக்கு இவ்வளவு கோவம்,” என்று எங்களை மிரட்டுவார். பிறகு மார்பில் கட்டி வந்தது. தம் கட்டியைத் தாமே கண்டுபிடித்துக்கொண்டு எலி அறை வாசலில் நின்று தங்களிடம் அவர் சொன்னதை நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

“டாக்டர், எனக்குள்ள ஒரெஸ்ட் இருக்கான். இதைவிட நல்ல எலி உங்களுக்கு எங்க கிடைக்கும்? வெட்டி எடுத்ததும் எனக்கும் அந்தப் புள்ளி போட்டுப் பாருங்க.”

“வாயைக் கழுவு ஸ்டெஃபா.”

“நெஜமாத்தான் சொல்றேன். ஆனா ஒரு கண்டிசன். என்ன தெரிஞ்சாலும் முதல்ல ஒரெஸ்ட்கிட்ட சொல்லணும். அவன் எனக்குள்ள எங்கெல்லாம் இருக்கான்னு அவனுக்குத்தான் முதல்ல தெரியணும். அப்புறம் ஊருக்குச் சொல்லுங்க, புத்தகத்துல போடுங்க, என்ன வேணா பண்ணுங்க. சத்தியமா?”

“சத்தியமா,” என்றீர்கள். சத்தியம் என்ற சொல் தங்கள் வாயிலிருந்து வந்ததை நாங்கள் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்து வந்த பிப்ரவரியில் ஸ்டெஃபா போய்விட்டார். தேவாலயத்தின் அடித்தளத்தில் சாவுச் சாப்பாடு. ஒரெஸ்ட் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தாங்கள் அருகில் போனதும் தலை நிமிராமலே சொன்னார்: “என் வாழ்க்கையில நான் உருப்படியா செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான் டாக்டரம்மா. அவளுக்கு மஜ்ஜை குடுத்தேன். அதுல கொஞ்ச வருஷம் இருந்தா. அதை நினைச்சுத்தான் உசுரோட உட்கார்ந்திருக்கேன்.” தாங்கள் அவர் தோளில் கை வைத்தீர்கள்.

பனி உருகும் முன்பே ஸ்டெஃபாவின் திசுவுக்குச் சாயமேற்றும் வேலை ரெனோவிடம் வந்தது. அப்போது அவர் பிரெஞ்சுக்காரர்கள் வாழும் செயின்ட் பானிஃபேசிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஸ்டெஃபாவை அறியார். மஜ்ஜைக் கதையும் அறியார். ஒரு பெண்ணின் மார்புக் கட்டியில் ஆண்செல்லின் புள்ளியைத் தேடச் சொன்னால் ஏன் என்று கேட்க வேண்டாமா? தங்களைக் கேட்கும் துணிவு அவருக்கு வரவில்லை. தேடினார். புற்றில் இல்லை. சுற்றியிருந்த நாரில், இங்கொன்றும் அங்கொன்றுமாக, பழுப்புப் புள்ளிகள்! அடுத்து அவர் செய்ததை எங்கள் தொழிலில் எவரும் செய்வார்கள். திசுவை வெட்டி நீரில் மிதக்கவிடும்போது வேறொருவர் சதைத்துணுக்கு வந்து ஒட்டிக்கொள்வது எங்களுக்கு வழக்கமான விபத்து. யாரோ ஓர் ஆண் கலந்துவிட்டான், ஸ்லைடு கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார்.

“என் தொட்டித் தண்ணியில பக்கத்து வீட்டுக்காரன் மிதக்க மாட்டான் ராசா,” என்று லிகாயா பொரிந்தது எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ரெனோ ஒப்புக்கொள்ளவில்லை. தங்களிடம் கொண்டு வந்து, “அம்மா, கலப்படம். தூக்கிப் போட்டுடவா?” என்றார். தாங்கள் கண்ணை வைத்தீர்கள். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, “வச்சுட்டுப் போ,” என்றீர்கள். வழக்கமாகப் பறக்கும் வசவு பறக்கவில்லை. அதுவே எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அதன்பின் தாங்களே மறுபடி வெட்டி, தாங்களே சாயமேற்றினீர்கள். அவை வழிப்போக்கு ரத்த அணுக்கள் அல்ல, நார் பின்னும் செல்களேதான் என்று உறுதி செய்தீர்கள். தாய் சுமந்த மகனின் செல் அவள் உடலில் தங்குவதுண்டு. ஸ்டெஃபா பிள்ளை பெற்றவர் அல்லர். வேறு வழியே இல்லை. மஜ்ஜையிலிருந்து கிளம்பி, ரத்தத்தில் ஏறி, மார்புக்கு வந்து, கட்டியைச் சூழ்ந்து நார் பின்னியவற்றில் ஒரு பங்கு ஒரெஸ்டினுடையது. தங்கள் ஆயுட்கேள்விக்கு விடை கையில் கிடந்தது. அந்த விடையை ஒரெஸ்டிடம் சொல்லாமல் உலகுக்குச் சொல்ல முடியாது. ஒரெஸ்டிடமோ சொல்லவே முடியாது. ஸ்லைடைப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். ஸ்லைடில் வெறும் எண்தான்; அது ஸ்டெஃபாவுடையது என்று ரெனோவைத் தவிர எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த ஆகஸ்டிலிருந்து ஆண்டுதோறும் ஒரெஸ்ட் வந்தார். தம் தோட்டத்துப் பூண்டைத் தாளோடு கட்டாகக் கட்டி, தங்கள் மேசையில் வைப்பார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்பார்:

“கண்டுபிடிச்சீங்களா டாக்டரம்மா? எங்கேர்ந்து வருதுன்னு?”

“இன்னும் இல்ல ஒரெஸ்ட்.”

“பரவால்ல. மெதுவாப் பாருங்க.”

ஒரு வார்த்தை கூடாது, குறையாது. தாங்கள் பூண்டை எடுத்து முகர்ந்து பார்த்துக்கொண்டே பதில் சொல்வீர்கள். நல்ல பூண்டு, அதனால் முகர்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். எத்தனை மடையர்கள் நாங்கள்! பொய்யே சொல்லியறியாத ஒருவர், பொய் சொல்லும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் பூண்டில் வைத்தார்.

ஒருநாள் கடல் கடந்த ஓர் ஆய்வுக்கூடம் இதே விடையை வெளியிட்டது. அந்த இதழைத் தாங்கள் மதிய உணவோடு படித்தீர்கள். “நல்லாத்தான் செஞ்சிருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, ரை ரொட்டியையும் புகைமீனையும் கடைசித் துண்டுவரை சாப்பிட்டீர்கள். எங்களுக்குத்தான் வயிறு எரிந்தது. தங்கள் ஊரை வைத்து, ‘ஏரிக்கரைக் கிழவிக்கு வேகம் போதாது’ என்று மேல்மாடியில் ஏளனம் பேசினார்கள். நிதி வற்றியது. எலி அறை மூடப்பட்டது. அடுத்த மாதம் இந்த ஆய்வகமும் மூடப்படுகிறது. இத்தனைக்கும் தாங்கள் ஒரு சொல் சொன்னதில்லை.

இந்தச் சனவரியில், வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்து ஒரெஸ்ட் இறந்தார். அடக்கத்துக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தீர்கள். சில வாரம் கழித்து எங்களை அந்தப் பெரிய நுண்ணோக்கிக்கு அழைத்தீர்கள். ஒரே ஸ்லைடை எட்டுப் பேர் சுற்றி அமர்ந்து பார்க்கும் கருவி அது. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பது தாங்கள் வைத்த சட்டம். பச்சை அம்புக்குறி பழுப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது.

“இது ஸ்டெஃபா. புள்ளி எல்லாம் ஒரெஸ்ட்,” என்றீர்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னீர்கள். ரெனோ அழுதார். இப்போதாவது எழுதலாமே, காயப்பட ஆளில்லையே என்று லிகாயா கேட்டார். “முதல்ல அவன்கிட்டன்னு சொன்னா. அவன் போயிட்டான். வாக்கு போச்சு. இனிமே யார்கிட்டச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?” என்று கண்ணாடியைத் துடைத்தீர்கள். அந்தக் கண்ணாடியில் தூசியே இல்லை.

அம்மையீர்! இதுவரை வாசித்தது தாங்கள் அறிந்தது. இனி வாசிப்பது அறியாதது. இதைத் தங்கள் காதில் போடுவதற்காகவே இந்த மடலை எழுதினோம்.

இந்த விழாவுக்கு அழைக்க ரெனோவும் லிகாயாவும் ஒரெஸ்டின் மனைவி ஹால்யாவின் வீட்டுக்குப் போனார்கள். ஹால்யா, உருளைக்கிழங்கு பொதிந்த பெரோகிக் கொழுக்கட்டைகளை வேகவைத்து, வெங்காயம் தாளித்துக் கொட்டிப் பரிமாறினார். பேச்சுவாக்கில் லிகாயா, “தோராம்மா மனசு சரியில்ல. ஒரெஸ்ட்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு இருந்தாங்க. சொல்லாமலே போயிடுச்சேன்னு வருத்தம்,” என்றார்.

“அவரோட செல்லு ஸ்டெஃபா கட்டியில இருந்துச்சே, அதுதானே?” என்றார் ஹால்யா, கரண்டியைக் கீழே வைக்காமல். “அது அவருக்குத் தெரியுமே.”

“எப்படி?”

“உங்க ஆய்வகத்துலேர்ந்து ஸ்டெஃபாவோட சாமானை வாங்கிட்டு வரப் போனார்ல, அன்னிக்கே. நடையில எவனோ ஒரு பிரெஞ்சுக்காரப் பையன், சட்டையெல்லாம் காபி ஊத்திக்கிட்டு வந்தானாம். இவர் தங்கச்சி பேரைச் சொன்னதும், ‘உங்க தங்கச்சி முடிவு தாமதமாகும் சார், ஸ்லைடுல யாரோ ஆம்பளையோட செல்லு கலந்துடுச்சு’ன்னானாம். இவர், ‘புத்துலயா?’ன்னு கேட்டிருக்கார். ‘இல்ல, சுத்தியிருக்கற நார்ல மட்டும்’னான். ‘அந்த நாரு அங்க என்ன செய்யும்?’னு கேட்டார். ‘புண்ணுன்னு நினைச்சு மூட வரும் சார், வந்த இடத்துல புத்துக்கே வேலி கட்டிக் குடுத்துடும்’னானாம். அவன் இன்னும் அங்க இருக்கானா?”

ரெனோவின் கையிலிருந்து முள்கரண்டி விழுந்தது. ஹால்யா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். தட்டில் இன்னும் இரண்டு பெரோகி வைத்தார்.

“அன்னிக்கு டிப்போவுல பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கவேயில்ல. உள்ளயே உட்கார்ந்து அழுதிருக்கார். வீட்டுக்கு வந்து, ‘அவளைக் காப்பாத்தத்தான் ஓடியிருக்கு ஹால்யா. வழி தெரியாம எதிரிக்கு வீடு கட்டிடுச்சு’ன்னு சொன்னார். அதுக்கப்புறம் அதைப் பத்தி எங்கிட்டகூடப் பேசினதில்ல.”

“அப்புறம் ஏன் வருஷா வருஷம் வந்து கேட்டார்?” என்று ரெனோ கேட்டார்.

“முதல் வருஷம் கேட்டுட்டு வந்து சொன்னார்: ‘டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்காக மறைக்கிறாங்க. பொய் சொல்ல வரல பாவம், பூண்டைப் பார்த்துக்கிட்டே பேசறாங்க.’ போகாம விடுங்களேன்னேன். ‘போகலன்னா சந்தேகப்படுவாங்க. எனக்காக அவ்வளவு பெரிய சுமையைத் தூக்கிட்டு நிக்கறவங்ககிட்ட, எனக்கு முன்னாடியே தெரியும்னு எப்படிச் சொல்றது? வீணாத் தூக்கினோமேன்னு ஒடஞ்சிடுவாங்க’ன்னார். பூண்டு எடுத்துட்டுப் போற அன்னிக்கு மட்டும் இவருக்குச் சோறு இறங்காது.”

தோரா அம்மையீர், ஒரே பாரத்தை இருவரும் தனித்தனியே சுமந்திருக்கிறீர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவருக்காக ஒருவர். ஆண்டுக்கொரு முறை ஒரு மேசைக்கு இருபுறமும் நின்றீர்கள். யாராவது ஒருவர் வாய் திறந்திருந்தால், சேர்ந்து அழவாவது செய்திருக்கலாம். அந்த அழுகையை எங்களால் திருப்பித் தர முடியாது. அதை நினைத்தால் இந்த மடலைக் கிழித்துவிடத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ரெனோவுக்கு நன்றாக நினைவிருக்கிறது: காபியோடு நடையில் உளறியது முதலில். ஸ்லைடைத் தங்களிடம் கொண்டுவந்தது பிறகு. ஆக, ஸ்டெஃபா கேட்டது கேட்டபடியே நடந்திருக்கிறது. அண்ணன் தனக்குள் எங்கெல்லாம் இருக்கிறான் என்பதை உலகத்தில் முதல் ஆளாக அந்த அண்ணனே அறிந்தார், தங்களுக்கும் முன்னால். தங்கள் வாக்கு உடையவில்லை. அதை ஒரு மடையன் தன் மடத்தனத்தால் தங்களுக்காகக் காப்பாற்றிவிட்டான். “மடையன்” என்ற சொல்லை இங்கே சேர்க்கச் சொன்னவர் ரெனோவேதான்.

இதைத் தனியே சொல்லலாமே என்று ஹால்யாவிடம் கேட்டோம். “வேண்டாம். தனியாச் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றோம்னு நினைச்சுக்குவாங்க. ஊர் கூடியிருக்கறப்போ வாசிங்க. கட்டுரையும் எழுதச் சொல்லுங்க. பேரு போட்டே எழுதட்டும்,” என்றார்.

கிம்லி ஏரிக்கரையில் தந்தையார் விட்டுச் சென்ற வீட்டுக்குத் தாங்கள் திரும்புகிறீர்கள். அங்கே காற்று நன்றாக இருக்கட்டும். முழங்கால் வலி குறையட்டும். வெள்ளிக்கிழமை மாலைகள் தங்களுக்கே சொந்தமாகட்டும். நோயின்றி, நெஞ்சில் பாரமின்றி, நெடுங்காலம் வாழுங்கள். நாங்கள் ஆளுக்கொரு திசையில் போகிறோம். சதையை வெள்ளிக்கிழமையே பார்க்கும் வழக்கத்தை மட்டும் கூடவே எடுத்துப் போகிறோம்.

மூன்றாம் வரிசையில் ஹால்யா அமர்ந்திருக்கிறார். மடியில் ஒரு கட்டுப் பூண்டு. சென்ற அக்டோபரில் ஒரெஸ்ட் தம் கையால் ஊன்றியது அது. அவர் இறந்த குளிரைப் பனிக்கடியில் கழித்து, அவர் இல்லாத வசந்தத்தில் முளைத்ததை இம்மாதம்தான் தோண்டினார்கள். இந்த மடல் முடிந்ததும் ஹால்யா எழுந்து வந்து அதைத் தங்கள் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு, ஒரெஸ்ட் கேட்டதையே கேட்பார்.

இந்த முறை பூண்டைப் பார்க்காதீர்கள் அம்மா. அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

தங்கள் மேசை விளக்கை இன்று மாலை அணைக்க மனம் வராத,
மார்பகத் திசு ஆய்வகத் தோழர்கள்,
நிலவறை, வின்னிபெக்.